பிடிவாதக்கார ரொட்வைலருக்கு அடி தேவையில்லை: களுவாஞ்சிக்குடி வாசகிக்கு மிருக வைத்தியரின் பதில்

கேள்வி:

டொக்டர் அவர்களுக்கு வணக்கம். என் கணவர் கட்டாருக்குப் போவதற்கு முன்னர், வீட்டுக்குக் காவலாக இருக்கட்டும் என்று கொழும்பிலிருந்து ஒரு ரொட்வைலர் குட்டியை வாங்கி வந்தார். டைகர் என்று பெயர். இப்போது அதற்குப் பதினான்கு மாதம். வீட்டில் நானும் மாமியும் பத்தாம் தரத்தில் படிக்கும் மகனும் மட்டுமே இருக்கிறோம். மகன் சொன்னால் கேட்கிறது. நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே படுத்திருக்கிறது. விறாந்தை வாசலில் படுத்திருக்கும்போது கழுத்துப் பட்டியைப் பிடித்து எழுப்பினால் உறுமுகிறது. மாமி சாப்பாட்டுக் கோப்பைக்கு அருகில் போனாலும் உறுமுகிறது. ஆனால் இரவில் என் அறை வாசலை விட்டு அசையாது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது அதுவும் சாப்பிடாமல் கிடந்தது. அடித்துப் பணிய வைக்காவிட்டால் தலையில் ஏறிவிடும் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். பயத்தில் பகல் முழுவதும் சங்கிலியில் கட்டி வைத்திருக்கிறோம். இது என்னை மதிக்கவில்லையா? யாருக்காவது கொடுத்துவிடுவதா? மார்கழியில் கணவர் விடுமுறையில் வரும்போது அவரை அடையாளம் கண்டுகொள்ளுமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மதிக்கிறதா இல்லையா என்பதைப் பிறகு பார்ப்போம். கழுத்துப் பட்டியைப் பிடித்து எழுப்பினால் உறுமுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு முதலில் கவலை தந்தது அந்த வரிதான். பதினான்கு மாத ரொட்வைலர் ஒன்று படுத்த இடத்திலிருந்து எழ மறுத்து உறுமுகிறது என்றால், அதன் குணத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்னர் அதற்கு எங்காவது வலிக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். உடல் பெருத்து வேகமாக வளரும் இந்த இனத்தில், இடுப்பு மூட்டின் பந்தும் கிண்ணமும் சரியாகப் பொருந்தாமல் வளர்வது நன்கு அறியப்பட்ட பரம்பரைக் குறைபாடு. முன்னங்கால் முழங்கை மூட்டிலும் இதே போன்ற கோளாறு வருவதுண்டு. இவை தவிர, ஐந்து மாதம் முதல் பதினெட்டு மாதம் வரையான பருவத்தில் நீண்ட எலும்புகளில் தோன்றி, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி வரும் ஒரு வளர்ச்சி வலியும் இருக்கிறது.

நாளைக் காலையில் டைகர் தூங்கி எழும் நேரத்தில், அதைக் கூப்பிடாமல், சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். நல்ல மூட்டுகள் உள்ள நாய் பின்னங்கால்களை ஊன்றி ஒரே வீச்சில் எழுந்துவிடும். வலி உள்ள நாய் முதலில் முன்னங்கால்களை நீட்டி, உடலின் பாரத்தை முன்னே தள்ளி, பின்பாகத்தை இழுத்துக்கொண்டு எழும். எழுந்த பிறகும் முதல் சில அடிகள் விறைத்தாற்போல இருக்கும். ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டையும் முயல் போலச் சேர்த்து வைத்துத் தாவுகிறதா, விறாந்தைப் படியில் ஏறத் தயங்குகிறதா, உட்காரும்போது ஒரு பக்கமாகச் சரிந்து உட்காருகிறதா என்பவற்றையும் கவனியுங்கள். மகனைக் கொண்டு இதைக் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து, உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். புதிய இடத்துக்கு வந்த நாய் பதற்றத்தில் நொண்டுவதை மறைத்துவிடும் என்பதால், வைத்தியருக்கு அந்த வீடியோ பெரிதும் உதவும். எக்ஸ்ரே வேண்டுமென்றால் எங்கே எடுக்கலாம் என்பதை அவரே சொல்வார். அதுவரை மனிதர்களுக்கான வலிக் குளிசை எதையும் கொடுக்காதீர்கள்; குறிப்பாக இபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

வலி இல்லை என்று தெரிந்த பிறகுதான் குணத்தைப் பற்றிப் பேச முடியும். அதற்கு இந்த இனம் எந்த வேலைக்காக உருவானது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஜேர்மனியின் தென்மேற்கில் உள்ள ரொட்வைல் என்ற பழைய சந்தை நகரத்தின் பெயரால் அழைக்கப்படும் இந்த நாய்கள், அந்தப் பகுதி இறைச்சி வியாபாரிகளின் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றன, பாரமான வண்டிகளை இழுத்தன, இரவில் மந்தைக்கும் வியாபாரிக்கும் காவல் இருந்தன. மாட்டை ஓட்டும் நாய் ஒவ்வோர் அடிக்கும் எசமானின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மாடு திரும்பும் கணத்தில் அது தானே முடிவெடுத்து, தன் நெஞ்சாலும் தோளாலும் மாட்டைத் தள்ளித் தடுத்தாக வேண்டும். அப்படித் தானாக முடிவெடுக்கும் நாய்களையே அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனம் பெருக்கினார்கள். 19 ஆம் நூற்றாண்டில் மாடுகள் புகையிரதத்தில் போகத் தொடங்கியபோது இந்த வேலை இல்லாமல் போய், இனமே அருகிப்போனது. 1901 இல் இதற்கான முதலாவது இன வரையறை எழுதப்பட்டது. 1910 இல் ஜேர்மனியில் பொலிஸ் நாயாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் பிறகே மீண்டும் பெருகியது. இன்றைய வரையறையின்படி, வளர்ந்த ஆண் நாய் 61 முதல் 68 சென்ரிமீற்றர் உயரமும் ஏறத்தாழ 50 கிலோகிராம் எடையும் உடையது.

டைகர் உங்கள் காலோடு ஒட்டி நின்று உடலால் உங்களைச் சாய்த்துத் தள்ளுவதைக் கவனித்திருப்பீர்கள். மாட்டைத் தள்ளிய உடல் பழக்கத்தின் மிச்சம் அது. அதில் அன்பும் இருக்கிறது. அது விடாப்பிடியாகப் படுத்துக்கொள்ளும் விறாந்தை வாசலில் நீங்களே ஒரு தரம் உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து கேற்றும் தெரியும், வீட்டுக்குள் நடமாடும் ஆட்களும் தெரிவார்கள் என்றே நினைக்கிறேன். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அது தனக்கென்று ஒரு காவல் இடத்தை அமைத்துக்கொண்டிருக்கிறது. இரவில் உங்கள் அறை வாசலில் கிடப்பதும், பகலில் நீங்கள் இழுத்தாலும் விறாந்தையை விட்டு எழாததும் அதற்கு ஒரே வேலைதான். நீங்கள் முதலாவதை விசுவாசம் என்றும் இரண்டாவதைத் திமிர் என்றும் பிரித்துப் பார்ப்பதால்தான் மனம் நோகிறீர்கள்.

அப்படியென்றால் மகனுக்கு மட்டும் ஏன் கீழ்ப்படிகிறது? இதை உங்கள் வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்துப் பார்க்கலாம். மகன் கூப்பிட்டால் பந்து வரும், உலாத்தல் வரும், விளையாட்டு வரும். நீங்கள் கூப்பிடுவது பெரும்பாலும் எதற்காக? பகல் முழுவதும் கட்டி வைக்கும் வீட்டில், அம்மாவின் குரல் கேட்டால் அடுத்தது சங்கிலி என்று நாய் கற்றிருந்தால், திரும்பிப் பார்த்துவிட்டுப் படுத்திருப்பதே அதன் கணக்கில் புத்திசாலித்தனம். இதை மாற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. அடுத்த சில வாரங்களுக்கு, கட்டுவதற்காகவோ குளிப்பாட்டுவதற்காகவோ அதைக் கூப்பிடாதீர்கள். அவற்றுக்கு நீங்களே அதனிடம் போங்கள். சும்மா இருக்கும் நேரத்தில், நாலடி தூரத்திலிருந்து, பெயரையும் ‘வா’ என்ற சொல்லையும் ஒரு தரம் மட்டும் சொல்லுங்கள். வந்தால் அவித்த கோழி ஈரலில் விரல் நகமளவு துண்டொன்றைக் கொடுத்து, உடனே போக விட்டுவிடுங்கள். வராவிட்டால் கத்த வேண்டாம், திரும்பத் திரும்பக் கூப்பிடவும் வேண்டாம். பேசாமல் உங்கள் வேலையைப் பார்த்துவிட்டு, பிறகு இன்னும் கிட்ட நின்று கூப்பிடுங்கள். விறாந்தையிலிருந்து எழுப்ப வேண்டியிருக்கும்போதும் பட்டியில் கை வைக்காமல் இப்படியே கூப்பிடுங்கள்.

அயலவர்கள் சொல்லும் ‘அடித்துப் பணிய வைத்தல்’ எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த ஆலோசனையால் கெட்டுப்போன நாய்கள் ஏராளம். 1947 இல் ருடொல்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர், அடைப்பில் வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து, அவை தலைமைக்காக ஓயாமல் சண்டையிடுகின்றன என்று எழுதினார். அந்தக் கருத்தை 1970 இல் தன் நூல் மூலம் பரப்பியவர் அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக். பின்னர் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் அருகிலிருந்து கவனித்த அதே மெக், ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், அங்கே தலைமைக்கான போட்டி நடப்பதில்லை என்று 1999 இல் எழுதித் தன் பழைய கருத்தைத் தானே திருத்திக்கொண்டார். ஓநாய்க்கே பொருந்தாத ஒன்றை வைத்து நாயைக் கவிழ்த்துப் போட்டு அமுக்குவதும், தடியால் அடிப்பதும், சாப்பாட்டைப் பறித்து ‘யார் பெரியவர்’ என்று காட்டுவதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கின்றன.

உறுமுவதற்காக ஒரு நாயை அடித்தால் அது உறுமுவதை நிறுத்திவிடும் என்பது உண்மைதான். ஆனால் உறுமலுக்குக் காரணமான பயம் அப்படியே உள்ளே இருக்கும். எச்சரிக்கை போய், கடி மட்டும் மிஞ்சும். ஐம்பது கிலோ எடையுள்ள நாயொன்று எச்சரிக்காமல் கடிக்கப் பழகுவதை விட ஆபத்தானது வேறொன்றும் இல்லை. ஆகவே டைகர் உறுமுவது உங்களுக்கு நன்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அது இன்னும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறது. உறுமலுக்கு முன்னரும் அது பேசும். கோப்பையருகே ஆள் வரும்போது சாப்பிடுவதை வேகப்படுத்தும், பிறகு மெல்லுவதை நிறுத்தி உடலை அசைக்காமல் விறைத்து நிற்கும், தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் பக்கவாட்டில் திருப்புவதால் கண்ணின் வெள்ளை தெரியும். இந்த இடத்திலேயே நீங்கள் நின்றுவிட்டால் உறுமலுக்குத் தேவை வராது.

சாப்பாட்டு விடயத்தில் மாமி உடனடியாகச் செய்ய வேண்டியது, கோப்பைக்கு அருகில் போகாமல் இருப்பதுதான். நாய் சாப்பிடும் இடத்தை ஆட்கள் நடமாடாத ஒரு மூலைக்கு மாற்றுங்கள். அதன் பிறகு நீங்கள் செய்யக்கூடியது இது: அது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அது சற்றும் விறைக்காத தூரத்தில், ஏழெட்டு அடி தள்ளி நடந்து போய், கோப்பையில் இருப்பதை விட ருசியான ஒன்றை, ஒரு துண்டு இறைச்சியையோ முள் எடுத்த மீனையோ, கோப்பைப் பக்கமாக எறிந்துவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். ஒவ்வொரு வேளையும் இதைச் செய்யும்போது, ஆள் வருவது கொடுப்பதற்கே, பறிப்பதற்கல்ல என்பது அதற்கு விளங்கத் தொடங்கும். உங்களைக் கண்டதும் தலையைத் தூக்கி வாலை ஆட்டி எதிர்பார்த்தால் மட்டும் அடுத்த வாரம் ஓரடி கிட்டப் போங்கள். விறைத்தால் பழைய தூரத்துக்கே திரும்புங்கள். இதில் அவசரப்பட்டவர்கள்தான் கடி வாங்குகிறார்கள். மகனும் இதே முறையில் செய்யட்டும். மாமிக்கு விருப்பமில்லையென்றால் அவரை வற்புறுத்த வேண்டாம்.

சங்கிலியைப் பற்றி நான் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பகல் முழுவதும் கட்டுண்டு கிடக்கும் நாய் ஒதுங்கிப் போக நினைத்தாலும் போக முடியாது. அதனால் தன்னிடம் வருவோரை எதிர்ப்பது ஒன்றே அதற்கு மிஞ்சும் வழி. காவலுக்கென்று வாங்கிய நாயைக் கட்டி வைத்தால் கிடைப்பது காவல் அல்ல, எரிச்சல். வளவின் ஒரு பகுதியை, ஒரு மாமரமோ வேம்போ நிழல் தரும் இடமாகப் பார்த்து, ஆள் உயரத்துக்கு வலை அடித்துக் கேற் போட்டுக் கொடுங்கள். வெளியாட்கள் வரும் நேரத்தில் அதற்குள் இருக்கட்டும். மற்ற நேரத்தில் வீட்டாரோடு இருக்கட்டும். ரொட்வைலர் வீட்டாரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நாய். தனியே விடப்பட்டால் கெட்டுப்போகும்.

அதற்கு வேலையும் வேண்டும். விடியற்காலையிலும் பொழுது பட்ட பிறகும் அரை மணி நேரமாவது உலாத்தக் கொண்டு போங்கள். இழுத்தால் உங்களால் பிடிக்க முடியாத எடை அது என்பதால், கழுத்துப் பட்டியை விட நெஞ்சுப் பக்கம் கொளுவியுள்ள உடல் பட்டி நல்லது. வளவில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்து, ஒன்றின் கீழ் மட்டும் கருவாட்டுத் துண்டை ஒளித்துத் தேட விடுங்கள். மூக்கைப் பயன்படுத்திப் பத்து நிமிடம் தேடிய நாய், ஓடிக் களைத்த நாயைப் போல அமைதியாகப் படுக்கும். ‘இரு’, ‘படு’, ‘வா’, ‘விடு’ என்ற சொற்களை வீட்டில் மூவரும் ஒரே மாதிரிச் சொல்வது முக்கியம். மாமி ‘இஞ்ச வா’ என்றும், மகன் ‘கம்’ என்றும், நீங்கள் பெயரை மட்டும் நான்கு தரமும் கூப்பிட்டால், அதன் காதில் அது வெறும் சத்தமாகத்தான் விழும்.

நம்முடைய கச்சான் காற்றுக் காலத்தில் இந்த நாய்க்கு விசேட கவனம் வேண்டும். கறுப்பு உடலும் பெருத்த தசையும் உள்ள ரொட்வைலர், பகல் வெயிலில் வெகு சீக்கிரம் சூடேறிவிடும். நாய்க்கு வியர்வை அநேகமாகப் பாதங்களில் மட்டுமே. மூச்சிரைத்துத்தான் உடம்பின் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சாதாரணமாக 38 முதல் 39 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் அதன் உடல் வெப்பம் 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நிற்காத மூச்சிரைப்பு, கெட்டியாகித் தொங்கும் எச்சில், கடுஞ்சிவப்பான பல் முரசு, தள்ளாட்டம் ஆகியவற்றைக் கண்டால் நிழலுக்குக் கொண்டு போய், உடல் முழுவதும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, விசிறிக் காற்றுப் பட வைத்து, வைத்தியரிடம் விரையுங்கள். பகலில் கொங்கிறீற் வீதியில் நடத்தவே வேண்டாம்.

உணவில் எண்ணெயும் உப்பும் காரமும் போட்ட மிச்சக் கறி வேண்டாம். சோற்றோடு அவித்த மீனும் இறைச்சியும் முட்டையும் போதுமான அளவு இருக்கட்டும். வெங்காயமும் சமைத்த கோழி எலும்பும் கூடாது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கையால் தடவினால் தட்டுப்படும் அளவிலேயே உடம்பு இருக்க வேண்டும். மூட்டுக் குறை உள்ள நாய்க்கு ஒவ்வொரு கிலோவும் பாரம்தான். உண்ணிகளைத் தினமும் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தேடி எடுங்கள்; திடீரென்று சோர்ந்து சாப்பாட்டை மறுத்தால் உண்ணிக் காய்ச்சலா என்று இரத்தம் பார்க்க வேண்டும். உங்கள் காய்ச்சலின்போது அது பட்டினி கிடந்தது பாசத்தால்தான் இருக்கும். ஆனாலும் நம் பகுதியில் அதை இரத்தம் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

விசர்நாய்க்கடிக்கு எதிரான தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நாய்களைப் பதிவு செய்யும் கடமை 1901 ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டுச் சட்டத்தில் இருப்பதால், அதையும் பிரதேச சபையில் செய்துவிடுங்கள். கேற்றில் நாய் இருப்பதாக ஓர் அறிவித்தல் தொங்கட்டும். மீன்காரரும் தபால்காரரும் வரும் நேரம் உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் டைகர் வலைக்குள் இருக்கட்டும். யாரையாவது கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விட்டுவிடாமல், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

விதை நீக்கம் செய்தால் சாந்தமாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கோப்பையைக் காக்கும் பழக்கம் அதனால் போகாது. இந்த இனத்தில் ஒரு வயதுக்கு முன்னர் அதைச் செய்வது மூட்டு நோயோடும் எலும்புப் புற்றுநோயோடும் தொடர்புபட்டிருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டைகர் அந்த வயதைக் கடந்துவிட்டது என்றாலும், வளர்ச்சி முழுமையாக முடிந்த பிறகு வைத்தியரோடு பேசி முடிவெடுங்கள்.

யாருக்காவது கொடுப்பதா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ரொட்வைலருக்கு உடல் வளர்ந்தாலும் புத்தி முதிர இரண்டு, மூன்று வயது ஆகும். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது அதன் கடினமான பருவம். வைத்தியப் பரிசோதனையும் மேலே சொன்ன மாற்றங்களும் நடந்து மூன்று மாதம் போகட்டும். அதற்கிடையில் தோல் கிழியும்படி வீட்டில் ஒருவரைக் கடித்தாலோ, மாமி அச்சத்தில் தன் வீட்டுக்குள்ளேயே நடமாட முடியாத நிலை வந்தாலோ, அது வேறு விடயம். அப்போது உங்கள் முடிவைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்த நிலையிலும், தோட்டத்திலோ களஞ்சியத்திலோ கட்டி வைக்கத்தான் கேட்கிறார் என்று தெரிந்தவரிடம் கொடுக்காதீர்கள். பெரிய நாய் வளர்த்துப் பழகிய ஒருவரிடம், அது உறுமுவதையும் மறைக்காமல் சொல்லியே கொடுங்கள்.

உங்கள் கணவரை அது மறந்திருக்காது. நாயின் நினைவில் மணம் நெடுநாள் நிற்கும். ஆனால் அவர் போகும்போது அது குட்டி. வரும்போது அவருக்கு முன்னால் நிற்பது ஒரு முழு நாய். ஆகையால் அவர் பயணப் பெட்டியோடு நேரே விறாந்தையில் ஏறி அதைக் கட்டிப்பிடிக்க வேண்டாம். நீங்களோ மகனோ நாயைப் பட்டியில் பிடித்துக்கொண்டு கேற்றுக்கு வெளியே வீதியில் அவரைச் சந்தியுங்கள். அவர் பக்கவாட்டாகத் திரும்பி நின்று, கையை நீட்டாமல், அது கிட்ட வந்து மணந்து பார்க்கும் வரை காத்திருக்கட்டும். பிறகு எல்லோருமாகச் சற்று நடந்துவிட்டு ஒன்றாக வீட்டுக்குள் வாருங்கள். விடுமுறையில் வந்தவர், வீட்டுக்கு ஆண்பிள்ளை வந்துவிட்டான் என்று காட்டத் தடியை எடுத்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதையும், அதற்குள் நீங்கள் மூவரும் பழக்கி வைத்திருக்கும் சொற்கள் எவை என்பதையும், அவர் விமானம் ஏறுவதற்கு முன்னரே தொலைபேசியில் சொல்லி வையுங்கள்.